வில்லின் கோணலும் நாணின் தீர்ப்பும்

வில்லைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகள் பெரும்பாலும் அதனை வளைத்தவர்களின் வரலாறுகளாகவே அமைந்துள்ளன. 1346இல் கிரேசியிலும் 1415இல் அஜின்கோர்ட்டிலும் ஆங்கிலேய வில்லாளிகள் பெற்ற வெற்றிகளை நூல்கள் விரித்துரைக்கின்றன. அவர்கள் கையிலிருந்த வில் ஒரு காலத்தில் கோணலும் கணுவும் உடைய வெறுங்கட்டையாகக் கிடந்தது என்பதையும், அதனை இழைத்தும் சுரண்டியும் நேர்ப்படுத்திய வினைஞர் ஒருவர் இருந்தார் என்பதையும் அவை பெரிதாகக் கூறுவதில்லை. அந்த வினைஞரின் கைத்திறனே இக்கட்டுரையின் பொருளாகும்.

முதற்கண் வில்லின் உறுப்புகளை அறிதல் வேண்டும். நடுவே இருப்பது கைப்பிடி. அதற்கு மேலும் கீழும் நீள்வன இரு கைகள். கைகளின் நுனியில் நாணை மாட்டுவதற்கு அமைந்த வெட்டு, குதை எனப்படும். எய்பவன் முகத்தை நோக்கிய பக்கத்தை அகம் என்றும், இலக்கை நோக்கிய பக்கத்தைப் புறம் என்றும் இங்குக் குறிப்போம். நாணேற்றிய வில்லை ஒரு நுனியிலிருந்து கண்ணருகே வைத்து நோக்கினால், நாண் கைப்பிடியின் நடுவழியே ஓடுதல் வேண்டும். இரு கைகளும் தத்தம் அளவுக்கு ஏற்ப, ஓரிடத்தில் மட்டும் ஒடிந்தாற்போல் வளையாமல், சீராக வளைதல் வேண்டும். நாண் ஒருபுறமாக விலகி ஓடினால் அம்பின் போக்கு கெடும்; இழுக்குந்தோறும் கை முறுகும்; விலகல் மிகுந்தால் நாண் குதையினின்று நழுவி, வில்லே முறிந்துபோவதும் உண்டு.

இக்கலை மிகத் தொன்மையானது. 1991 செப்டம்பரில், ஆஸ்திரியா இத்தாலி எல்லையை ஒட்டிய ஆல்ப்ஸ் மலையில், 3,200 மீட்டர் உயரத்தில், பனியில் உறைந்த மனித உடல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அம்மனிதனுக்கு ஏட்சி எனப் பெயரிட்டனர். அவனருகே யூ மரத்தாலான வில் ஒன்றும் இருந்தது. அதன் நீளம் 1.82 மீட்டர். அவ்வில் முற்றுப்பெறாதது. செதுக்கிய தடங்கள் அதன்மேல் அப்படியே உள்ளன, குதை வெட்டப்படவில்லை. அம்புக்கூட்டிலிருந்த 14 அம்புகளில் இரண்டே எய்வதற்கு ஏற்றவாறு முடிக்கப்பட்டிருந்தன. 2001இல் எடுத்த ஊடுகதிர்ப் படம், அவன் இடத்தோளில் அம்பு முனை ஒன்று பாய்ந்திருந்ததைக் காட்டிற்று. தன் வில்லைத் திருத்தி முடிக்குமுன், பிறர் எய்த அம்புக்கு இரையானவன் அவன்.

முற்றுப்பெறாத அவ்வில் நமக்கு ஓர் உண்மையைப் புலப்படுத்துகிறது. வில் காட்டில் கிடைப்பதன்று. கட்டையிலிருந்து சிறிது சிறிதாக வெளிக்கொணரப்படுவது. நேராக வளர்ந்த யூ மரம் அரிது. ஆகவே கிடைத்த கட்டையை எளிதில் எறிந்துவிட இயலாது. இங்கிலாந்தில் இவ்வருமை அரசையே கவலைக்குள்ளாக்கியது. அந்நாட்டுத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்கள், ஏற்றிவரும் சரக்கின் டன் ஒன்றுக்கு நான்கு வில்கட்டைகளையும் உடன் கொண்டுவருதல் வேண்டுமென 1472இல் சட்டம் இயற்றப்பட்டது. கடல் கடந்து வந்த கட்டை சற்றே கோணலாயிருப்பின், அதனைத் திருத்தி வில்லாக்குவதே வினைஞரின் திறமை.

அக்கோணலை எங்ஙனம் திருத்துவது? மரவில் செய்வோர் இன்றும் கையாளும் வழிகள் சில உள. விலகல் மிகச் சிறிதாயின், குதையின் ஒரு பக்கத்தை அரத்தால் சற்றே ஆழப்படுத்தி நாணின் இருக்கையை மாற்றலாம். சற்றுப் பெரிதாயின், நாண் விலகிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் கைப்பிடியை இழைத்தால், கைப்பிடியின் நடு நாணை நோக்கி நகரும். கையே ஒருபுறம் சாய்ந்து வளையுமாயின், அச்சாய்ந்த பக்கம் மெலிந்தது என்பது பொருள். மெலிந்த பக்கத்தில் மரத்தைச் சேர்க்க இயலாது. ஆதலின் வலிய பக்கத்தின் அகத்தைச் சிறிதளவு சுரண்டி இரண்டையும் ஒப்பாக்குவர். ஒவ்வொரு முறை சுரண்டிய பின்னும் வில்லைப் பலமுறை மெல்ல இழுத்துவிட்டே மீண்டும் நோக்குவர். மரம் தன் மாற்றத்தை உடனே காட்டாது.

இவற்றுள் எதுவும் புறத்தைத் தீண்டுவதில்லை என்பது கருதத்தக்கது. வில் வளையும்போது புறம் இழுபடுகிறது, அகம் நெரிபடுகிறது. யூ மரத்தின் வெளிப்பகுதியான வெண்மரம் இழுப்பையும், உட்பகுதியான வைரம் நெரிப்பையும் தாங்கவல்லன. புறத்திலுள்ள நார் அறுபட்டால் முறிவு அங்கேயே தொடங்கும். எனவே திருத்தம் யாவும் அகத்திலும் பக்கங்களிலுமே நிகழ்தல் வேண்டும்.

இக்கலையைப் பற்றிய அரிய எழுத்துச் சான்று, ரோஜர் ஆஸ்கம் 1545இல் வெளியிட்ட டாக்ஸோஃபிலஸ் என்னும் உரையாடல் நூலாகும். கேம்பிரிட்ஜ் அறிஞரான அவர் அதனை எட்டாம் ஹென்றி மன்னருக்குக் காணிக்கையாக்கி, ஆண்டுக்குப் பத்துப் பவுன் உதவித்தொகை பெற்றார். புதிய வில்லை வாங்கியவுடன் அது முற்றுப்பெற்றதாக எண்ணலாகாது என்பது அவர் கருத்து. அதனால் எய்து பழகி, அதன் தன்மையை அறிந்து, பின்னர் நம்பிக்கையான வினைஞரிடம் மீண்டும் கொடுத்துச் செதுக்கி, எங்கும் வட்டமாக வளையும்படி செய்வித்தல் வேண்டும் என்கிறார். வில் முறிவதற்குரிய காரணங்களை எண்ணும்போது நாணையும் அவற்றுள் சேர்க்கிறார். நாண் குறுகினும், நீளினும், கோணலாக மாட்டப்படினும் வில்லுக்குக் கேடு என்பது அவர் எச்சரிக்கை.

அந்நூல் வெளிவந்த அதே 1545ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று, மன்னரின் மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பல் போர்ட்ஸ்மத் அருகே கடலில் மூழ்கியது. 1982 அக்டோபர் 11 அன்று அக்கப்பலின் உடல் மேலே கொணரப்பட்டது. அதனுள்ளிருந்து முழுமையாகக் கிடைத்த விற்கள் 137. அவை யாவும் யூ மரத்தாலானவை. ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுடையவை. கணு இருந்த இடங்களில் மரத்தைச் சற்றுத் தடிப்பாக விட்டுச் செதுக்கியிருப்பதை அவற்றில் காணலாம். கண்ணுக்கு அழகாகும்படி கணுவை மழுக்கியிருந்தால் வில் அங்கேயே முறிந்திருக்கும். மரத்தின் இயல்பை மதித்து, நாணின் வழியை மட்டும் நேராக்கிய கைகளின் வேலை அது.

துப்பாக்கி பரவியபின் 1595இல் ஆங்கில அரசவை, நாட்டுப் படைகளில் வில்லுக்கு மாறாகத் துப்பாக்கியை ஏற்குமாறு ஆணையிட்டது. போர்க்கலை மறைந்தது, ஆயினும் கைத்திறன் உலகின் வேறு மூலைகளில் வாழ்ந்தது. 1911இல் கலிபோர்னியக் காட்டுப் பகுதியிலிருந்து வெளிவந்த இஷி, தன் யாகி இனத்தின் கடைசி மனிதராகக் கருதப்பட்டவர். 1916இல் மறையும்வரை அவர் வில் செய்த முறையை, மருத்துவர் சாக்ஸ்டன் போப் அருகிருந்து கற்றுப் பதிவு செய்தார். இஷி வில்லின் நுனிகளைச் சூடேறிய கல்லின்மேல் வைத்து வளைத்தார். பின்னர் வேறொரு கட்டையோடு கட்டி, அவ்வடிவிலேயே உலரவிட்டார். வெப்பத்தால் இளகும் மரம், ஆறும்வரை பிடித்த கையை விடாதிருந்தால், கொடுத்த வடிவை ஏற்கும். பக்கவாட்டுக் கோணலை நீராவியால் திருத்துவோரும் இதே உண்மையையே பின்பற்றுகின்றனர்.

இனி மீண்டும் ஆஸ்கமைக் கருதுவோம். அவர் இளவரசி எலிசபெத்துக்கு ஆசிரியராக விளங்கியவர். 1563இல், அடிக்கு அஞ்சி ஈட்டன் பள்ளி மாணவர் சிலர் ஓடிப்போன செய்தி விண்ட்சர் அரண்மனை விருந்தொன்றில் பேசப்பட்டது. அப்பேச்சின் விளைவாக அவர் எழுதத் தொடங்கிய கல்விநூல், அவர் மறைந்தபின் 1570இல் வெளியாயிற்று. பிள்ளைகளை அடித்து அன்று, அன்பால் கற்பித்தல் வேண்டும் என்பது அந்நூலின் முதன்மையான கருத்துகளுள் ஒன்று.

வில்லைப் பற்றிய நூலையும் பிள்ளையைப் பற்றிய நூலையும் ஒருவரே எழுதினார் என்பது வியப்பன்று. கட்டையை அடித்து நேராக்க முனைபவன் அதனை முறிக்கிறான். கோணல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, வலிய இடத்தில் சிறிது குறைத்து, மெலிந்த இடத்தைக் காத்து, பொறுத்திருப்பவனே வில்லைப் பெறுகிறான். ஆசிரியப் பணியில் இருப்போர் இவ்வரலாற்றைப் படித்தல் நன்று. செதுக்கிய மரத்தை மீண்டும் ஒட்ட இயலாது.