பொத்தான் போய் திரை வந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

மின்சாரக் கார்களில் ஏசி, ரேடியோ, வைப்பர் என எல்லாவற்றையும் ஒரே தொடுதிரைக்குள் வைத்துவிட்டார்கள். இப்போது ஐரோப்பாவில் "பழைய பொத்தான்களைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். இது ஏதோ நேற்று தொடங்கிய சண்டை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதற்கு நாற்பது வயது.

1986-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், ப்யூக் ரிவியேரா என்ற காரில் ஒரு தொடுதிரையை வைத்தது. பழைய டிவிப் பெட்டியில் இருக்குமே, அதே மாதிரிப் படக்குழாய். 9 அங்குலம், பச்சை எழுத்து. ரேடியோ, ஏசி, பயணக் கணக்கு எல்லாம் அதற்குள். வாங்கியவர்கள் சொன்ன ஒரு குறை: சத்தத்தைக் குறைக்கக்கூட சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியிருக்கிறது. 1990 மாடல் ரிவியேராவில் திரை இல்லை, பொத்தான்கள் திரும்பி வந்துவிட்டன. நான்கே வருடத்தில் பாடம் முடிந்தது. ஆனால் அந்தப் பாடத்தை யாரும் நோட்டில் எழுதி வைக்கவில்லை போலிருக்கிறது.

இதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே வயிறு தட்டி விழுந்தன. விமானியின் கவனக்குறைவு என்றே முதலில் எழுதினார்கள். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் உள்ளே போய்ப் பார்த்தார். இறக்கையின் மடிப்பை இயக்கும் விசையும் சக்கரத்தை மடக்கும் விசையும் ஒரே உருவத்தில் பக்கம் பக்கமாக இருந்தன. களைத்துப்போன விமானி இதற்குப் பதில் அதைத் தட்டிவிடுகிறார். சப்பானிஸ் சொன்ன வைத்தியம் மிக எளிமையானது. சக்கர விசையின் முனையில் சிறிய சக்கர வடிவத்தையும், மடிப்பு விசையின் முனையில் ஆப்பு வடிவத்தையும் ஒட்டினார். கண் பார்க்காவிட்டாலும் கைக்குத் தெரிந்துவிடும்.

நம் காலத்தில் டைப்ரைட்டிங் லோயர் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எழுத்தைக் குனிந்து பார்த்தால் ஸ்கேல் அடி விழும். இன்றைய கம்ப்யூட்டர் விசைப்பலகையிலும் எஃப், ஜே எழுத்துகளின் மேல் ஒரு சின்ன மேடு இருக்கும், தடவிப் பாருங்கள். வழவழப்பான கண்ணாடியில் அந்த மேடு எங்கே வரும்?

அப்படியிருந்தும் திரை ஏன் ஜெயித்தது? ஒரு காரணம் டெஸ்லா. 2012-ல் மாடல் எஸ் காரில் 17 அங்குலத் திரை வந்தது. 2017-ல் வந்த மாடல் 3-ல் வேகமானியைக்கூட எடுத்துவிட்டு, நடுவில் உள்ள திரையின் மூலையில் வேகத்தைக் காட்டினார்கள். இன்னொரு காரணம் சட்டம். 2018 மே முதல் அமெரிக்காவில் விற்கும் புதிய கார்களில் பின்பக்கக் கேமரா கட்டாயம். குழந்தைகள் சக்கரத்தில் மாட்டிக்கொள்வதைத் தடுக்க வந்த நல்ல சட்டம் அது. ஆனால் கேமராவுக்கு ஒரு திரை வேண்டுமே. திரைதான் எப்படியும் இருக்கிறதே, பிறகு எதற்குத் தனியாகப் பொத்தான், அச்சு, வயர் என்று செலவு? கம்பெனிகளின் கணக்கு அப்படிப் போயிற்று.

இந்த இடத்தில் இருக்கைச் சூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நமக்கு இருக்கையைக் குளிர வைத்தால் போதும், அது வேறு விஷயம்! குளிர்நாட்டில் பெட்ரோல் கார் ஓட்டுபவருக்குச் சூடு இலவசம். எரிபொருளின் சக்தியில் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் வீணாகிறது. அதில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிவிட்டால் போதும். மின்சார மோட்டார் அவ்வளவு வீணாக்குவதில்லை. ஆகவே காருக்குள் உள்ள காற்றைச் சூடாக்க பேட்டரியிலிருந்து சில கிலோவாட் எடுக்க வேண்டியிருக்கிறது, ஓடும் தூரம் குறைகிறது. இருக்கைக்குள் வைத்த கம்பிக்கு அதில் ஒரு சிறு பங்குதான் செலவு. காற்றைச் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவது மலிவு.

இருக்கைச் சூடு புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1966-ல் கேடிலாக் கூடுதல் வசதியாகக் கொடுத்தது. 1972-ல் ஸ்வீடனின் சாப் கம்பெனி ஓட்டுநர் இருக்கையில் வைத்தது. குளிர் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அது தானாகவே சூடாகும். பொத்தானும் வேண்டாம், திரையும் வேண்டாம். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த கார் அதுதான்.

2020-க்கு வாருங்கள். டெஸ்லா மாடல் 3-ன் விலை குறைந்த வகையில் பின் இருக்கைகளுக்குள் சூட்டுக் கம்பி ஏற்கெனவே பதித்திருந்தது, ஆனால் மென்பொருளால் பூட்டியிருந்தார்கள். 300 டாலர் கட்டினால் திறக்கும். 2022-ல் பிஎம்டபிள்யூ சில நாடுகளில் முன் இருக்கைச் சூட்டுக்கு மாத வாடகை கேட்டது, மாதம் 18 டாலர் அளவில். ஊரே கொதித்தது. 2023-ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். வயரில் நேராகச் சேர்ந்த ஒரு சுவிட்சை இப்படி வாடகைக்கு விட முடியாது. கட்டுப்பாடு திரையில் ஒரு படமாக மாறியபோது சாவி விற்றவர் கையிலேயே தங்கிவிட்டது.

ஸ்வீடனில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஒரு ஜனவரியில் போயிருந்தோம். நானும் என் மனைவியும் பின் இருக்கையில். பின் இருக்கைச் சூட்டுக்கான கட்டுப்பாடோ முன்னால் உள்ள திரையில். நெடுஞ்சாலையில் போகும்போது "கொஞ்சம் சூடு வையுங்களேன்" என்று நான் கேட்டுவிட்டேன். மருமகன் ஒரு கையால் திரையில் பக்கம் பக்கமாகத் தேடுகிறார். "வேண்டாம் மாப்பிள்ளை, நீங்க ரோட்டைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு என் மனைவி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அவள் பயந்ததில் தவறில்லை. 2022-ல் அதே நாட்டின் 'வி பீலேகாரே' என்ற கார்ப் பத்திரிகை ஒரு சோதனை நடத்தியது. இருக்கைச் சூட்டைப் போடுவது, ரேடியோ அலைவரிசை மாற்றுவது போன்ற நான்கு வேலைகள். கார் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 2005-ம் ஆண்டு வோல்வோ வி70, முழுக்கப் பொத்தான் கார். அதில் எல்லாம் 10 விநாடியில் முடிந்தது, கார் கடந்த தூரம் 306 மீட்டர். திரை வைத்த எம்ஜி மார்வெல் ஆர் காரில் கிட்டத்தட்ட 45 விநாடி, 1,372 மீட்டர். ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல்! 2020-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ உயர்நிலை நீதிமன்றத்திற்கு ஒரு வழக்கு வந்தது. டெஸ்லா ஓட்டுநர் ஒருவர் கனமழையில் வைப்பர் வேகத்தைத் திரையில் மாற்றப்போய் விபத்தில் சிக்கியிருந்தார். 200 யூரோ அபராதம், ஒரு மாதம் ஓட்டத் தடை. கார் செய்தவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை. மழையில் வைப்பர் போட்டதற்கா தண்டனை என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்தச் சண்டையில் போன உயிர்களின் கணக்கு கடலில் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 21, விடியலுக்கு முன், சிங்கப்பூர் அருகே. அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் திடீரென்று இடதுபக்கம் திரும்பி அல்னிக் என்ற எண்ணெய்க் கப்பலின் பாதையில் போய் நின்றது. 10 மாலுமிகள் இறந்தார்கள். சுக்கானையும் வேகத்தையும் தொடுதிரையில் இயக்கும் கப்பல் அது. இரண்டு உந்துவிசிறிகளின் வேகமும் சேர்ந்து குறைய வேண்டும். அன்று ஒன்று மட்டும்தான் குறைந்தது. நெம்புகோலாக இருந்தால் ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் நிற்பது கைக்கே தெரிந்திருக்கும், திரையில் அந்த உணர்வு இல்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை எழுதியது. பயிற்சிக் குறைவையும் சேர்த்தே சொன்னது. 2019-ல் கடற்படை அந்த வகைக் கப்பல்களுக்கு மீண்டும் நெம்புகோல் வைக்க முடிவு செய்தது.

திரை கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிட்டது. 2021-ல் டெஸ்லா சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தது. உள்ளே இருந்த நினைவகச் சில்லு எழுதி எழுதித் தேய்ந்து, திரை இருண்டுபோனது. அதோடு பின்பக்கக் கேமராவும், கண்ணாடியில் படியும் பனி மூட்டத்தை நீக்கும் கட்டுப்பாடும் போய்விட்டன.

வரைபடம் பார்க்க, பின்னால் எடுக்க, திரை அருமையான பொருள். அதை நான் மறுக்கவில்லை. ஃபோக்ஸ்வாகன்கூட சத்தம், சூடு, காற்று, அபாய விளக்கு இவற்றுக்கு இனிப் பொத்தான் என்று 2025-ல் அறிவித்துவிட்டது. கார்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பு 2026 ஜனவரி முதல் ஐந்து வேலைகளுக்குக் கையால் உணரும் கட்டுப்பாடு கேட்கிறது. திரும்பும் விளக்கு, அபாய விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு. இது சட்டமில்லை. இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலில் கண்ணாடி மூட்டத்தை நீக்கும் பொத்தான் இல்லை. திடீரென்று முன்னால் ஒன்றும் தெரியாமல் போகும்போது, திரையில் போய்த் தேடு என்றால் எப்படி? ஆறாவதாக நான் அதைத்தான் கேட்பேன். குளிர்நாட்டில் மின்சாரக் கார் ஓட்டும் நம் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் காரில் அது எங்கே இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். வண்டியை நிறுத்திவிட்டு எழுதுங்கள்.