விலைக்குக் காவல் இருந்த பெண்கள்

மளிகை விலை ஏறுனா, ‘கவர்மென்ட் என்ன பண்ணுது?’ன்னு கேக்குறோம். 1940-கள்ல அமெரிக்கா இதுக்கு ஒரு வித்தியாசமான பதிலைக் கண்டுபிடிச்சது. இன்னைக்கு அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன்.

இரண்டாம் உலகப் போர் நேரம். தொழிற்சாலைகள் ராணுவத்துக்காக ஓடுது. மக்கள் கையில சம்பளம் இருக்கு, கடையில சரக்கு குறைவு. விலை ஏறாம என்ன செய்யும்? 1942 ஏப்ரலில் அரசின் விலை நிர்வாக அலுவலகம் ஓர் உத்தரவு போட்டது: மார்ச் மாதம் ஒரு கடை விற்ற அதிகபட்ச விலைதான் இனி அந்தக் கடைக்கு உச்சவரம்பு.

சிக்கல் என்னன்னா, கடைக்குக் கடை வரம்பு வேற. பக்கத்துக் கடையோட ஒப்பிட்டுக் கேக்கவும் முடியாது.

அதனால 1943-ல் வழியை மாத்தினாங்க. ஒரு வட்டாரத்துல ஒரே வகைக் கடைகளுக்கு ஒரே உச்ச விலைன்னு பட்டியல் வந்தது. நாடு முழுக்க 5,000-க்கும் அதிகமான உள்ளூர் ரேஷன் வாரியங்கள். அதுல வேலை செஞ்சவங்க பெரும்பாலும் சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரங்க. பட்டியலோட கடை கடையாப் போனவங்கள்ல நிறைய பேர் இல்லத்தரசிகள். விலை தப்பா இருந்தா வாரியம் கடைக்காரரைக் கூப்பிட்டுப் பேசும். வாங்கினவங்க கோர்ட்டுக்கும் போகலாம்: கூடுதலா வசூலிச்சதுல 3 மடங்கு அல்லது 50 டாலர், எது அதிகமோ அதைக் கேக்கலாம்.

கள்ளச்சந்தை ஒழியல. இறைச்சியிலயும் பெட்ரோல்லயும் அது நல்லாவே நடந்தது. ஆனா 1943-க்கு அப்புறம் போர் முடியும்வரை பொதுவான விலைவாசி பெருசா ஏறல.

அப்போ மக்களே பாத்துக்கிட்டா போதுமா? 1946 இல்லைன்னு சொல்லுது. காங்கிரஸ் அனுப்பின நீட்டிப்பு மசோதா பலவீனமா இருக்குன்னு அதிபர் ட்ரூமன் அதை நிராகரிச்சார். ஜூன் 30-ஓட சட்டம் காலாவதியாச்சு. ஜூலை ஒரே மாசத்துல நுகர்வோர் விலை கிட்டத்தட்ட 6 சதவீதம் ஏறுச்சு. கட்டுப்பாடு திரும்ப வந்தப்போ, கால்நடை வளர்ப்பவங்க மாடுகளைச் சந்தைக்கு அனுப்பாம நிறுத்தி வெச்சாங்க. கறிக்கடைகள் காலி. அக்டோபர்ல இறைச்சி மேல இருந்த கட்டுப்பாட்டையே ட்ரூமன் விலக்கிட்டார்.

பட்டியல் பிடிச்சிருந்த பெண்கள் அதே தெருவுலதான் இருந்தாங்க. ஆனா அந்தத் தாளுக்குப் பின்னாடி இப்போ சட்டம் இல்ல.

அதனால எந்த விலைப்பட்டியலைப் பாத்தாலும் நான் ரெண்டு கேள்வி கேக்குறேன்: இதைக் கடையில போய்ச் சரிபாக்குறது யாரு? தப்பா இருந்தா அவங்க பேச்சுக்கு என்ன பலம் இருக்கு?