திரட்டியும் ஓடை வாசிப்பானும்

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வடக்கே தரமணியில் 2000-ஆம் ஆண்டு டைடல் பூங்கா திறக்கப்பட்டு, கணினி உத்தியோகத்தின் பொருட்டு இளைஞர் பலர் இச்சுற்றுவட்டாரத்தில் குடியேறத் தொடங்கிய அக்காலத்தை ஒட்டியே தமிழ் வலைப்பதிவும் பிறந்து வளர்ந்தது. பதிவுகள் பெருகவே, இன்று புதிதாக எழுதியவர் யார் என்று ஒவ்வொரு முகவரியாகத் திறந்து பார்ப்பது அசாத்தியமாயிற்று.

அந்தச் சிரமத்துக்குப் பரிகாரமாகக் காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் என்னும் திரட்டி, தலைப்பும் தேதியும் சுட்டியும் சில வரிகளும் அடங்கிய செய்தியோடையைப் பதிவுதோறும் வாங்கி ஒரே முகப்பில் அடுக்கியதோடு, எந்த இடுகைக்குப் புதிதாக மறுமொழி வந்தது என்பதையும் காட்டியபடியால், வாசகர்கள் விவாதம் நடக்கும் இடத்துக்கே நேராகப் போய்ச் சேர்ந்தார்கள். தமிழ் உரைநடைக்கு இது செய்த உபகாரம் மகத்தானது என்பது என் திடமான அபிப்பிராயம்.

செய்தியோடை 1999-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவானது. 2005-இல் அந்த ஓடைகளைத் தனியே படிக்க உதவும் வாசிப்பானாகிய கூகுள் ரீடர் வந்தபின், திரட்டியாகிய பொதுச் சபையை விட்டு, தாமே தெரிந்தெடுத்த பதிவுகளை ஏகாந்தமாகப் படிக்கும் சௌகரியம் பலருக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் முன்பின் அறியாத எழுத்தாளர் தற்செயலாகக் கண்ணில் படும் பாக்கியம் அதில் குறைந்தது. 2013 ஜூலை 1-ஆம் தேதி அச்சேவை மூடப்படவிருந்த தருணத்தில், சந்தாப் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டவர்கள் வேறு வாசிப்பான்களில் அதை அப்படியே ஏற்றிக்கொண்டார்கள். ஆகையால் வாசிப்பானைத் தெரிந்தெடுப்பவர் அழகையும் வேகத்தையும் பார்க்குமுன், அந்தக் கோப்பை வெளியே எடுக்க வழியுண்டா என்பதையே முதலில் பரிசோதிக்க வேண்டும்.