கத்திரி வெயிலில் தொண்டை அடைப்பான் கிருமி செத்துடுமா? மாடு வளர்ப்போர் தெரிஞ்சுக்க வேண்டியவை

'அடிக்கிற வெயிலுக்கு எந்த கிருமியும் தாங்காது' என்ற நம்பிக்கை மாடு வளர்ப்போரிடம் உண்டு. கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்கால் முதல் ஜவ்வாது மலை அடிவாரம் வரை, திருவண்ணாமலை மாவட்டத்தில் கறவை மாட்டை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். தொண்டை அடைப்பான் விஷயத்தில் இந்த நம்பிக்கை பாதிதான் உண்மை.

எந்த கிருமி?

பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற பாக்டீரியா. நல்லா இருக்கும் மாட்டின் மூக்கு, தொண்டையிலேயே சத்தமில்லாமல் தங்கியிருக்கும். மாடு சோர்ந்தால் பெருகி ரத்தத்தில் கலந்துவிடும். அறிகுறி தெரிந்த 24 மணி நேரத்திலேயே உயிர் போகலாம். எருமைகளுக்கு ஆபத்து அதிகம்.

வெயிலில் சாகாதா?

மாட்டுக்கு வெளியே, காய்ந்த தரையில் சீக்கிரம் செத்துடும். 55 டிகிரி செல்சியஸ் சூட்டை தாங்காது. ஆனால் மாட்டின் உடல் சூடு சுமார் 38.5 டிகிரிதான். காய்ச்சல் வந்தால் 41 டிகிரி வரை போகும். அந்த சூட்டை சமாளிக்க கிருமியிடம் வழி இருக்கு.

கிருமி என்ன செய்கிறது?

சூடு ஏறினால் கிருமிக்குள் இருக்கும் புரதங்களின் மடிப்பு குலையும். உடனே டிஎன்ஏகே, க்ரோஇஎல் போன்ற 'வெப்ப அதிர்ச்சி புரதங்கள்' அதிகமா உருவாகி, குலைந்ததை மறுபடி மடித்துவிடும். சரிசெய்ய முடியாததை வேறு புரதங்கள் வெட்டி அகற்றும். 1962-ல் இத்தாலி விஞ்ஞானி ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈக்களில் முதலில் கவனித்த இந்த தற்காப்பு, பாக்டீரியா முதல் மனிதன் வரை இருக்கிறது.

அப்போ வெயில் யாருக்கு ஆபத்து?

மாட்டுக்குத்தான். வெப்பத்தில் தீவனம் எடுப்பது குறையும், நோய் எதிர்ப்பு சக்தியும் குறையும். அடுத்து மழை வந்தால் ஈர மண்ணிலும் தண்ணீரிலும் கிருமி கூடுதல் நேரம் பிழைத்து மற்ற மாடுகளுக்கு பரவும்.

என்ன செய்யணும்?

* மழைக்காலத்துக்கு முன்பே, வருஷம் ஒருமுறை தடுப்பூசி போடணும். எதிர்ப்பு சக்தி உருவாக 2 முதல் 3 வாரம் ஆகும். பக்கத்து மாவட்டமான ராணிப்பேட்டையில் உள்ள அரசு கால்நடை நோய் தடுப்பு மருந்து நிலையத்தில் இந்த தடுப்பூசி தயாராகிறது.
* கடும் காய்ச்சல், எச்சில் வடிதல், தொண்டை வீக்கம், 'கர்கர்' மூச்சு தெரிந்தால் காத்திருக்காதீங்க. ஆரம்பத்திலேயே ஊசி போட்டால்தான் பிழைக்க வாய்ப்பு. கால்நடை ஆம்புலன்ஸ் எண்: 1962.
* நோய் மாட்டை தனியா கட்டுங்க. பொது தண்ணீர் தொட்டியில் விடாதீங்க.
* இறந்த மாட்டை ஏரி, குளம் ஓரம் போடாமல், ஆழமா குழி வெட்டி சுண்ணாம்பு தூவி புதைக்கணும்.