இசைத்தட்டின் சுருதியும் மோட்டாரின் நடுக்கமும்

கடல் கடந்து பினாங்கில் வாழ்ந்த தமிழருள் பலர், தாயகப் பாடகரின் குரலை இசைத்தட்டின் வழியாகவே அறிந்தனர். 1934ஆம் ஆண்டில் பினாங்கு வானொலிச் சங்கத்தார் இசட். எச். ஜே. என்னும் நிலையத்தின் வழியே தமிழிலும் ஒலிபரப்பத் தொடங்கினர். குரல் தொலைவிலிருந்து வந்த அக்காலத்தில், அது மாறாமல் வந்ததா என்பது எண்ணிப் பார்க்கத்தக்க வினாவாகும். பாடகரின் குரல் தட்டின் வரியில் பதிந்திருப்பது மெய்யே. ஆயினும் அதன் சுருதியை முடிவு செய்வது தட்டைச் சுழற்றும் மோட்டார்.

சாவி கொடுத்த காலம்

எமில் பெர்லினர் கண்ட கிராமபோன் முதலில் கையால் சுழற்றப்பட்டது. 1896ஆம் ஆண்டில் எல்ட்ரிட்ஜ் ஜான்சன் அதற்குச் சுருள்வில் மோட்டார் அமைத்துத் தந்தார். வேகம் கூடும்போது குண்டுகள் விரிந்து ஒரு வட்டை நகர்த்த, அது தோல் துண்டில் உராய்ந்து வேகத்தைத் தணிக்கும். வில் தளர்ந்தாலோ, எண்ணெய் வற்றினாலோ பாட்டும் தளர்ந்தது. நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலவேண்டிய தட்டு 83 சுற்றுச் சுழன்றால், சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை உயரும், தாளமும் விரையும்.

எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) உயர்ந்த சுருதியில் பாடிப் புகழ் பெற்றவர். இன்று அவர் பாட்டை அறிய எஞ்சிய சான்று இசைத்தட்டுகளே. விரைந்து சுழலும் பெட்டியில் கேட்போர், அவர் பாடாத சுருதியை அவருடையதென்று நம்பிவிடக் கூடும். பதிவு செய்த நாளிலேயே வேகம் சிறிது வேறுபட்டிருத்தலும் உண்டு. ஆகவே 78 என்னும் எண்ணை மட்டும் நம்புதல் போதாது. உடன் ஒலிக்கும் ஆர்மோனியத்தின் சுருதியையும் ஒத்துப் பார்த்தல் நலம்.

மின்சாரம் கொணர்ந்த நடுக்கம்

மின் மோட்டார் வந்தபின் வேகம் சீர்ப்பட்டது. நொடிக்கு 50 அலை வீசும் மின்விளக்கின் கீழ், 77 கோடுகள் வரைந்த அட்டை அசையாது நிற்பதுபோல் தோன்றினால் வேகம் 77.92 சுற்று என்று அறியலாம். ஆனால் புதிய இடர் ஒன்று தோன்றிற்று. இத்தகைய மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1500 சுற்று, அதாவது நொடிக்கு 25 சுற்று, சுழலும். அதன் நடுக்கம் ஊசியை எட்டினால் தாழ்ந்த உறுமலாகக் கேட்கும். பழைய அரக்குத் தட்டின் இரைச்சலில் அது பெரும்பாலும் மறைந்திருந்தது. 1948இல் நுண்ணிய வரிகளுடன் நெடுந்தட்டு வந்தபோது வெளிப்பட்டது.

1954இல் இங்கிலாந்தின் காரார்டு நிறுவனம் வெளியிட்ட 301 என்னும் சுழல்மேசையில், ரப்பர் விளிம்புச் சக்கரம் ஒன்று மோட்டாரின் விசையைத் தட்டுமேசைக்குக் கொண்டு சென்றது. வலிமை மிக்க அமைப்பே எனினும், விசை சென்ற வழியே நடுக்கமும் செல்ல இடமிருந்தது. 1961இல் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் வேறு வழி கண்டார். மோட்டாரைத் தனியே நிறுத்தி, ரப்பர் வாரினால் மேசையைச் சுழற்றினார்; மேசையையும் ஊசிக்கையையும் ஒன்றாகச் சேர்த்து வில்களில் தொங்கவிட்டார். வார் நடுக்கத்தை விழுங்கிற்று. மாக் மண்டின் போன்ற தொழிற்பேட்டைகளில் இயந்திரத்தின் அடியில் ரப்பர் அணை வைப்பதும் இந்நெறியே.

1970இல் ஜப்பானின் மட்சுசிதா நிறுவனம் வெளியிட்ட எஸ்பி–10 இல் வாருமில்லை, சக்கரமுமில்லை. மோட்டாரே தட்டின் வேகத்தில் மெல்லச் சுழன்றது. மெல்லச் சுழலும் மோட்டாரில் காந்தங்கள் இரும்பைப் பற்றிப் பற்றி விடுவதால் சிறு தயக்கம் நேர்தல் உண்டு. 2016இல் மீண்டும் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்எல்–1200 வகையில் இரும்பு உள்ளகமற்ற மோட்டார் அமைத்து அதனை நீக்கினர். 2019இல் வெளிவந்த அதன் எம்கே7 வகை மலேசியாவிலேயே செய்யப்பட்டது.

நல்ல மோட்டார் தன் ஒலியையும் வேகத்தையும் பாட்டில் கலவாது. பழந்தட்டுகளிலிருந்து தமிழிசையைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது சிறு செய்தியன்று. மாணவர் செவியில் முதலில் பதியும் சுருதி, பாடகர் பாடிய சுருதியாக இருத்தல் வேண்டும்.