பட்டம் போனது, அண்ணன் போகவில்லை

எங்கள் ராவுத்தர் வீடுகளில் தகப்பனாரை 'அத்தா' என்றுதான் கூப்பிடுவோம். அது துருக்கியர் கொண்டுவந்த சொல் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால் துருக்கியின் உறவுப்பெயர்கள் மீது எனக்குத் தனிப் பிரியம்.

1934 நவம்பர் 26 அன்று துருக்கி நாடாளுமன்றம் பாஷா, பே, எஃபெந்தி, அகா, ஹனும், ஹாஜி, முல்லா முதலிய பட்டங்களை ஒழித்தது. இனி அரசு ஆவணங்களில் ஆணும் பெண்ணும் வெறும் பெயரால்தான் குறிக்கப்படுவார்கள். எல்லோரும் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற சட்டம் அதே ஆண்டு ஜூனில் வந்திருந்தது. அதுவரை பலருக்கும் இன்னார் மகன், இன்ன ஊர்க்காரர் என்பதே அடையாளம். தனித்தனியே பதிந்துகொண்ட அண்ணன் தம்பிகள் வெவ்வேறு குடும்பப்பெயர்களோடு பிரிந்துபோனதும் உண்டு. பெயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கணவனுக்கே என்று அந்தச் சட்டம் எழுதிவைத்தது பெரிய அநியாயம்.

முஸ்தபா கெமாலுக்கு நவம்பர் 24 அன்று தனிச்சட்டம் போட்டு 'அத்தாதுர்க்' என்று பெயரிட்டார்கள். துருக்கியரின் தந்தை! வேறு யாரும் அதைச் சூடக்கூடாது. உடன்பிறந்த தங்கை மக்பூலேகூட 'அத்தாதான்' என்ற வேறு பெயரைத்தான் ஏற்றார்.

பட்டியலில் விழுந்த 'அகா', 'பே' இரண்டும் சேர்ந்ததுதான் அண்ணனைக் குறிக்கும் 'அகாபே'. பேச்சில் அது 'ஆபி'. அதை எந்தச் சட்டமும் தொடவில்லை. இன்றைக்கும் இஸ்தான்புலில் பேருந்து ஓட்டுநர் ஆபி, காய்கறிக் கடைக்காரர் ஆபி. சற்று மூத்த பெண் 'அப்லா', அக்கா. முன்பின் தெரியாத முதியவரை 'அம்ஜா' என்பார்கள், அப்பாவின் சகோதரர். முதியவளை மட்டும் அத்தையாக்குவதில்லை, அம்மாவின் சகோதரியாக்கி 'தெய்ஸே' என்பார்கள். மரியாதையை அப்பா வழியிலும் அம்மா வழியிலும் இப்படிப் பங்கிட்டிருக்கும் அழகில் நான் சொக்கிப்போயிருக்கிறேன்.

துருக்கியின் உறவுப்பெயர்களில் சில மிகப் பழையவை. 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல்-காஷ்கரி பாக்தாதில் தொகுத்த துருக்கிச் சொல்லகராதியில் தந்தையான 'அத்தா' இருக்கிறது. அண்ணன் மனைவியான 'யெங்கே'யும் இருக்கிறாள். எஞ்சியிருக்கும் அதன் ஒரே கையெழுத்துப் படியை, முதல் உலகப்போர்க் காலத்தில், அலி எமிரி என்ற நூல் சேகரிப்பாளர் இஸ்தான்புலின் பழைய புத்தகக் கடையொன்றில் கண்டெடுத்து வாங்கினார். அவர் நிறுவிய மில்லெத் நூலகத்தில் அது இருக்கிறது. நண்பனின் மனைவியை இன்றும் துருக்கியில் யெங்கே என்றுதான் கூப்பிடுகிறார்கள்.