இலவசமாக வரும் காலாள்

2009 இல் செட்டிகுளம் முகாமில் போத்தல் மூடிகளைக் காய்களாக்கிச் சதுரங்கம் பழகினேன். இப்போது பேசாலையில் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். அவர்கள் அதிகம் தடுமாறுவது 'கிங்ஸ் கம்பிட்' ஆட்டத்தில்தான்.

வெள்ளை ஈ4, கறுப்பு ஈ5. அடுத்து வெள்ளை எஃப்4 என்று ஒரு காலாளை இலவசமாக நீட்டும். அதை எடுங்கள். வெள்ளைக் குதிரை எஃப்3 க்கு வந்ததும், எடுத்ததைக் காக்க ஜி5 ஆடினால், எச்4, ஜி4 க்குப் பிறகு அக்குதிரை ஈ5 இல் ஏறிவிடும். 1960 இல் ஆர்ஜென்டினாவில் ஸ்பாஸ்கிக்கு எதிராக இவ்வாறு ஆடிய பொபி பிஷர் தோற்றார். அடுத்த ஆண்டே, ஜி5 க்கு முன் டி6 ஆடும் வழியை எழுதி வெளியிட்டார். டி6 அந்தக் குதிரைக்கு ஈ5 ஐ மறித்துவிடும்.

புதிதாகப் பழகுபவர்களுக்கு நான் சொல்வது டி5. வெள்ளை அதை வெட்டட்டும். நீங்கள் குதிரையை எஃப்6 க்குக் கொண்டுவாருங்கள். எடுத்த காலாளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆனால் மந்திரிகளுக்கு வழி திறந்துவிட்டது, விரைவில் கோட்டை கட்டலாம்.

முகாமில் எனக்கு இது விளங்கவில்லை. எல்லாவற்றையும் இழந்து வந்தவனுக்கு ஒரு மூடியைக்கூட விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அதனாலேயே பல ஆட்டங்கள் தோற்றேன்.